பஞ்சு என்று நினைத்த தொண்டை வலி

திருப்பூரில் தொண்டை வலிக்கிறது என்று சொன்னால் டாக்டரிடம் போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெல்லம் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். பனியன் துணி புழங்குகிற இடத்தில் பஞ்சுத் தூசி இல்லாமல் இருக்காது. அது மூக்கில் ஏறும், புருவத்தில் உட்காரும், தொண்டையில் அடைக்கும். ஒரு கட்டி வெல்லத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தால் பஞ்சு உள்ளே இறங்கிவிடும் என்பது இங்கே எல்லோரும் செய்யும் வைத்தியம். அது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக நானும் செய்து வருகிறேன்.

நல்லூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு நான் பொறுப்பு. தைத்து வரும் டீ-ஷர்ட்டில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சோறு தின்றவள் நான். என் தப்பு ஒன்று ஐந்து நாள் என் கண்ணெதிரே கிடந்தது, அது மட்டும் எனக்குத் தெரியவில்லை. வேறு யாருக்காவது உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்தது தைராய்டு. கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி எனக்கு அளவுக்கு மேல் சுரந்தது. உடம்பு இளைத்தது, கை நடுங்கியது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சுரப்பைக் குறைக்க டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டின் கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுதி அடிக்கோடும் போட்டார். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் அந்த வரி. வாயாலும் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். அந்தச் சீட்டை ஸ்கேன் ரிப்போர்ட்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டேன். என் தொண்டை வருஷத்தில் பாதி நாள் வலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் அந்த வரி என்னைப் பற்றியது என்றே எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரை ஆரம்பித்த ஆறாவது வாரம் ஷிப்மெண்ட் நெருக்கடி. திங்கட்கிழமை காலையில் எச்சில் விழுங்கும்போது முள் குத்துவதுபோல் இருந்தது. எதிரே உட்கார்ந்து பீஸ் பார்க்கும் பாக்கியம் அதைக் கவனித்துவிட்டாள். என்னைவிடச் சின்னவள், பதினாலு வருஷமாக ஒரே மேசை.

“ஏனுங்க்கா, எச்சி முழுங்கவே செரமப்படறீங்க?”

“பஞ்சுதான் பாக்கியம்.”

“இந்த லாட்டு துணியே சரியில்லீங்க்கா, ஒரே பஞ்சு. இந்தாங்க.”

மேசை ஓரத்தில் எப்போதும் இருக்கும் வெல்ல டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். அன்றைக்கு மூன்று கட்டி தின்றேன். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட்டு வாங்கினேன். செட்டு என்றால் காய்ச்சல், சளி, உடம்பு வலி எல்லாவற்றுக்கும் சேர்த்து கடைக்காரரே நாலைந்து மாத்திரைகளைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவது. விழுங்கினால் அரை நாளைக்குக் காய்ச்சல் தணியும், வேலை பார்க்கலாம், மறுபடி ஏறும். இத்தனைக்கும் நடுவில் தைராய்டு மாத்திரையை ஒரு வேளைகூட நான் தவறவிடவில்லை. அதில் மட்டும் நான் ரொம்ப ஒழுங்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேசையிலேயே சரிந்தேன். பற்கள் தாளம் போட்டன. பாக்கியம் போன் செய்து என் கணவர் பழனிச்சாமியை வரவழைத்தாள். அவர் பக்கத்துத் தெருவில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். பைக்கில் என்னால் உட்கார முடியவில்லை, ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்.

பக்கத்திலிருந்த மருத்துவமனையில் டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். “இவ்வளவு புண்ணா இருக்கு, சீழே இல்லையே,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சீழ் இல்லை என்றால் நல்லதுதானே என்று நான் நினைத்தேன். ரத்தம் எடுத்தார்கள். அரை மணி கழித்து லேப்காரர் திரும்பி வந்தார்.

“மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேனுங்க. இன்னொருக்கா ரத்தம் எடுத்துக்கிறனுங்க.”

வெள்ளை அணுவின் எண்ணிக்கை இரண்டாவது முறையும் அதேபோல் குறைவாக வந்ததால், அவர் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணாலேயே தேடியிருக்கிறார். மெஷினை நம்பாமல் கண்ணால் பார்த்தவர் என்ற மரியாதை எனக்கு இன்றும் அவர்மேல் உண்டு. அவர் தேடியது கிடைக்கவில்லை. என்னை உடனே ஆம்புலன்சில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள்.

அங்கே ரத்த நோய்களுக்கான டாக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே, “என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்டார். என் கணவர் பையை அப்படியே கட்டிலில் கொட்டினார். டாக்டர் தைராய்டு மாத்திரை அட்டையை மட்டும் எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இது இனிமே உங்களுக்கு வேண்டாம். எப்பவுமே வேண்டாம். ரொம்ப அபூர்வமா சிலருக்கு இந்த மாத்திரை ஒத்துக்காம வெள்ளை அணுவை அழிச்சிடும். உங்களுக்கு அது நடந்திருக்கு.”

ரிப்போர்ட் தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் ஐந்து வட்டங்கள் போட்டார். வெள்ளை அணு என்று நாம் மொத்தமாகச் சொன்னாலும் அதில் ஐந்து வகை உண்டாம். முதல் வட்டத்தைப் பேனாவால் தட்டினார்.

“இது நியூட்ரோபில். கிருமி எங்க நுழைஞ்சாலும் முதல்ல ஓடி வர்றது இதுதான். சில மணி நேரத்துல வந்து கிருமியை முழுங்கும், முழுங்கிட்டு அங்கேயே செத்துப்போகும். சீழ்னு சொல்றோமே, அது பெரும்பாலும் செத்துப்போன நியூட்ரோபில்தான். உங்க தொண்டையில சீழ் இல்லைன்னா அங்க சண்டை போட ஆள் வரலைன்னு அர்த்தம்.”

“எத்தனை இருக்குதுங்க?” என்று என் கணவர் கேட்டார்.

“பூஜ்யம்.”

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றவில்லை என்பதை இதில் பல முறை எழுத வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து வட்டங்களையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கடைசி வட்டம் சரியாக மூடவில்லை என்பதைத்தான் கவனித்தேன்.

ஆனால் அதே தாளில் வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை பூஜ்யம் இல்லை, கொஞ்சம் இருந்தது. அது எப்படி என்று கேட்டேன். அதெல்லாம் லிம்போசைட் என்ற இன்னொரு வகை என்றார் டாக்டர். அது கெட்டிக்கார வகை. எந்தக் கிருமி என்று அடையாளம் கண்டு, அதற்கென்றே பொருந்துகிற எதிர்ப்பொருளைச் செய்யும். ஆனால் புதுக் கிருமி என்றால் அதைப் படித்து ஆயத்தமாகப் பல நாள் எடுக்கும். “உங்களுக்கு அத்தனை நாள் இல்லை,” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

“ஏறலைன்னா என்னங்க ஆகும்?” இதுவும் என் கணவர்தான்.

“மாத்திரையை நிறுத்தியாச்சு. எலும்பு மஜ்ஜை மறுபடி நியூட்ரோபில் செய்ய ஆரம்பிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதைத் தூண்டத் தினமும் ஒரு ஊசி போடறோம். அதுவரைக்கும் ஆன்டிபயாடிக்தான் அவங்களுக்குப் பதிலா சண்டை போடணும். ரத்தத்துல கிருமி பரவிடுச்சுன்னா ரொம்பச் சிரமம். நான் மறைச்சுச் சொல்ல விரும்பலை.”

என் கணவர் தலையை ஆட்டினார். அவருடைய புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மெஷினிலிருந்து நேராக வந்தவர்.

என்னைத் தனி அறையில் வைத்தார்கள். கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி. உள்ளே வருகிறவர்கள் கை கழுவி, முகக்கவசமும் மேலங்கியும் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். பூ கூடாது, பச்சையாகப் பழமோ காயோ கூடாது, ஆறின சோறு கூடாது. என் கணவர் முதல் நாளே கீழே ஒரு கடையில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். மீசையும் இல்லை. இருபது வருஷத்தில் அந்த மேலுதட்டை நான் பார்த்ததே கிடையாது.

“என்னங்க இது?”

“பஞ்சு எங்கயாச்சும் ஒட்டிட்டு வந்துரும் புள்ள. எதுக்கு வம்பு.”

வேறு நேரமாக இருந்தால் ஒரு வாரம் கேலி செய்திருப்பேன். அன்றைக்குச் சும்மா பார்த்தேன். கோயம்புத்தூரிலேயே இருக்கும் அவருடைய அக்கா அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கிக் கொடுத்தனுப்புவார். ஆறிப்போனது கூடாது என்பதால், இவர் மருத்துவமனை கேண்டீனில் கெஞ்சி ஆவி பறக்கச் சூடாக்கிக் கொண்டுவருவார். வாயெல்லாம் புண். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. மிச்சத்தை வெளியே நின்று அவர் சாப்பிடுவது கண்ணாடியில் தெரியும்.

ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதான். காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். பத்து மணிக்கு ரிப்போர்ட் வரும். இரண்டாம் நாள் பூஜ்யம். மூன்றாம் நாள் பூஜ்யம். காய்ச்சல் நூற்று மூன்று. நாலாம் நாள் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று நாலைந்து பேர் ஓடி வந்து கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கினார்கள், ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். எனக்கு நடக்கிற மாதிரியே இல்லை. மேசையில் வேறு யாரோ வைத்த பீஸை எட்ட நின்று பார்ப்பதுபோல் பார்த்தேன். பயமில்லாமல் இருந்தேன் என்று பெருமையடிக்கவில்லை. பயப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை.

மகள் தாரணி பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. தேர்வு இருந்ததால் வர வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவள் தினமும் ஒரு படம் வரைந்து போனில் அனுப்பினாள், கூடவே குரலில் விளக்கமும். “அம்மா, இது இயோசினோபில். ரோஸ் கலர் புள்ளி புள்ளியா இருக்கும். வயித்துப் பூச்சிக்கும் அலர்ஜிக்கும் வர்றது. நமக்குத்தான் நல்லாத் தெரியுமே.” தெரியும். எங்கள் ஊரில் தும்மிக்கொண்டு போய் ரத்தம் பரிசோதித்தால் முக்கால்வாசிப் பேருக்கு அது கூடியிருக்கிறது என்றுதான் வரும். மறுநாள் பேசோபில். அது ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருக்குமாம், அலர்ஜி வந்தால் அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருளைத் திறந்து விடுமாம். லிம்போசைட்டுக்கு மட்டும் இரண்டு படம் போட்டாள். எதிர்ப்பொருள் செய்வது பி செல், கிருமி புகுந்த நம் செல்லையே தேடிக் கொல்வதும் மற்றவர்களை ஏவுவதும் டி செல். “ஒருக்கா வந்த கிருமியை அதுங்க மறக்காதும்மா. தடுப்பூசி வேலை செய்யறதே அதனாலதான்.” குரல் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆரம்பிக்கும், கடைசியில் கொஞ்சம் உடையும், உடனே நிறுத்திவிடுவாள்.

ஐந்தாம் நாள் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். மஜ்ஜை என்பது எலும்புக்குள் இருக்கும் மெத்தென்ற பொருள், ரத்த அணுக்கள் எல்லாம் அங்கேதான் உருவாகின்றன. ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார் டாக்டர். மரத்துப்போக மருந்து போட்டும் உள்ளே உறிஞ்சும்போது உயிர் போனது. முடிவு வரும்வரை என் கணவர் அறைக்குள் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றார். புற்றுநோய் இல்லை. இளம் அணுக்கள் இருக்கின்றன, பாதி வளர்ச்சியில் நின்றுபோயிருக்கின்றன என்று விளக்கினார் டாக்டர்.

“கட்டிங் ஆயி பீஸ் கெடக்குது, தைக்கத்தான் லைன் ஓடலைங்கறீங்க,” என்றார் என் கணவர்.

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்து, “ஆமாங்க, அப்படித்தான்,” என்றார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது.

ஆறாம் நாள் கண்ணாடியில் பாக்கியத்தின் முகம் தெரிந்தது. பஸ் பிடித்து வந்திருக்கிறாள். உள்ளே விடவில்லை. வெளியிலிருந்தே என் போனுக்குக் கூப்பிட்டாள்.

“நாந்தானுங்க்கா வெல்லத்தக் குடுத்துக் குடுத்து உங்கள இப்படிப் பண்ணிப்போட்டேன். டாக்டருகிட்டப் போங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கோணும்.”

இல்லை, சிவப்பு மையில் எழுதிய சீட்டு என் பீரோவில்தான் இருந்தது, உன்னிடம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். தொண்டை ஒத்துழைக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏழாம் நாளும் பூஜ்யம். அன்று சாயங்காலம் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டார். இன்சூரன்ஸ் தாள் வேண்டுமாம். சாவி இருக்கும் இடத்தைச் சொன்னேன். பிறகு, கேட்காமலே, தாரணியின் சான்றிதழ்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன, அவளுக்கென்று எடுத்து வைத்த வளையல் எந்த டப்பாவில் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

எட்டாம் நாள் காலையில் இடுப்பும் தொடையெலும்பும் முதுகும் உள்ளுக்குள்ளிருந்து இடிப்பதுபோல் வலித்தன. ஸ்டெல்லா சிஸ்டரிடம் சொன்னேன். அவர் தூத்துக்குடிப் பக்கம்.

“எலும்பா வலிக்கி? நல்லதும்மா. தாங்கிக்கிடுங்க. அந்த ஊசி போட்டா மஜ்ஜை வேலை செய்யும்போது அப்படித்தான் வலிக்கும். நான் டாக்டர்ட்ட சொல்லுதேன்.”

பத்து மணி ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் பூஜ்யம்தான். ஆனால் மோனோசைட் என்ற ஐந்தாவது வகை ஏறியிருந்தது. டாக்டர் அன்று மூடாமல் விட்ட வட்டம் அதுதான். மோனோசைட் உருவத்தில் பெரியது, நிதானமாக வரும். ரத்தத்தை விட்டுத் திசுவுக்குள் போய் இன்னும் பெரிதாகி, செத்தது அழுகியது எல்லாவற்றையும் தின்று சுத்தம் செய்யும். தான் தின்ற கிருமியின் துண்டை லிம்போசைட்டுக்கு எடுத்துக் காட்டுவதும் அதுதான். நியூட்ரோபிலும் மோனோசைட்டும் ஒரே தாய் அணுவிலிருந்து வருகிறவை. பெரும்பாலும் மோனோசைட்தான் முதலில் தலை காட்டும், அடுத்த இரண்டு மூன்று நாளில் மற்றது வரவேண்டும் என்றார் டாக்டர். வரும் என்று சொல்லவில்லை, வரவேண்டும் என்றுதான் சொன்னார். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கிடந்தேன்.

ஒன்பதாம் நாளும் அப்படியே போனது. பத்தாம் நாள் காலையில் இடது கை விண்விண் என்று தெறித்தது. முந்தின நாள் ஊசிக்குழாயைக் கழற்றிய இடம் சிவந்து வீங்கியிருந்தது. நடுவில் சின்னதாக ஒரு மஞ்சள் முனை. என் கணவர்தான் முதலில் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“சிஸ்டர், இங்க வாங்க. கையில சீழ் வெச்சிருச்சுங்க.”

ஸ்டெல்லா சிஸ்டர் வந்து பார்த்தார். வேகமாக வெளியே போனார். டாக்டர் மேலங்கியின் நாடாவைக்கூடக் கட்டாமல் வந்தார். கையுறை போட்டு வீக்கத்தை மெல்ல அழுத்தினார். கெட்டியாக, மஞ்சளாக, ஒரு சொட்டு வந்தது. அதைப் பஞ்சில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இன்னொரு எடத்துலயும் கெட்டுப்போச்சுங்களா?” என்று என் கணவர் கேட்டார்.

“இல்லீங்க. இது சீழ்.” டாக்டரின் கண் முகக்கவசத்துக்கு மேலே சிரித்தது. “வந்துட்டாங்க. ரிப்போர்ட் வரட்டும், ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வந்துட்டாங்க.”

அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை போட்டுச் செத்த என் அணுக்கள். டாக்டர் சொன்னபடி பார்த்தால் அவை ரத்தத்தில் சுற்றுவதே ஒரு ஷிப்ட் நேரம்தான். என்னிடம் வந்த முதல் ஆட்கள், வந்த வேகத்தில் அந்தக் கையில் போய் விழுந்திருக்கிறார்கள். பத்து நாளாக எங்கேயோ போயிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. சத்தம் போட்டே அழுதேன். என் கணவர் கையுறைக் கையால் என் தலையைத் தடவிக்கொண்டே, “வலிக்குதா புள்ள, வலிக்குதா?” என்று கேட்டார். ஆமாங்க, நல்லா வலிக்குதுங்க என்றேன். பத்து மணி ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் நானூறு என்று இருந்தது.

பதினான்காம் நாள் வீட்டுக்கு வந்தேன். தைராய்டுக்கு வேறு வழியில், ஒரே தடவை குடிக்கிற கதிரியக்க அயோடின் மருந்தால் வைத்தியம் செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். மேசையில் வெல்ல டப்பா இல்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, மறுபடி ஒரு பஞ்சு லாட்டு. எச்சில் விழுங்கும்போது தொண்டையில் முள் குத்தியது. மாத்திரையை நிறுத்தியாயிற்று, இனிப் பயமில்லை என்று டாக்டர் பல முறை சொல்லியிருக்கிறார். மனசு கேட்டால்தானே. பீஸை வைத்துவிட்டு அரை நாள் லீவு சொல்லி நேராக அதே லேபுக்குப் போனேன். அதே லேப்காரர்தான் ரத்தம் எடுத்தார். வெளியே நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை பயம் நன்றாகவே வந்தது.

அவர் தாளோடு வெளியே வந்தார். “எல்லாம் சரியா இருக்குதுங்க. கண்ணாலயும் பாத்துட்டேனுங்க.”

மத்தியானம் கம்பெனிக்குத் திரும்பினேன். பாக்கியம் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள். தாளை அவள் முன்னால் விரித்து நியூட்ரோபில் வரியில் விரலை வைத்தேன். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்ப தொண்ட வலி எதனாலீங்க்கா?”

“பஞ்சுதான் பாக்கியம். அந்த வெல்லத்தை எடு.”

“அதையெல்லாம் அன்னிக்கே தூக்கிப்போட்டேனுங்க்கா,” என்றாள். பிறகு சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறாள். ஆளுக்கொரு கட்டி எடுத்துக்கொண்டு அடுத்த பீஸைப் பிரித்தோம்.